டில்லி பேசிய கந்தப்பளை, காணி கேட்கும் கந்தப்பளை

1987ஆம் ஆண்டு ஜூன் 4ஆந் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேலே பறந்து உணவுப் பொதிகளைப் போட்டன. செய்தி அன்றிரவே கந்தப்பளைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. பெரும்பாலான லயங்களில் அப்போது மின்சாரம் இல்லை. பற்றரி போட்ட வானொலிதான். இலங்கை வானொலி ஒரு மாதிரிச் சொல்லும், திருச்சி வானொலி வேறு மாதிரிச் சொல்லும், பி.பி.சி. தமிழோசை சொன்ன பிறகுதான் பெரியவர்கள் நம்புவார்கள். மறுநாள் விடியற்காலை, வேலைக்கு ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்க நின்றபோதும், மாலையில் பஜார் சலூனில் ஒருவர் வீரகேசரியை உரக்க வாசிக்கப் பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டபோதும் பேச்சு ஒன்றுதான்: இந்தியப் படை வருமா, வராதா? வந்தால் நமக்கு நல்லதா, கெட்டதா?

நுவரெலியாவில் இருந்து ராகலைக்குப் போகும் பாதையில் உள்ள சின்ன ஊர் கந்தப்பளை. பார்க், கொங்கோடியா, கோட்லோஜ், எஸ்கடேல் என்று சுற்றிவரத் தேயிலைத் தோட்டங்கள். பள்ளங்களில் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு. நானுஓயாவில் இருந்து ராகலை வரை ஓடிய சின்ன ரயில் இந்த வழியாகத்தான் போனது. 1940இல் அது நின்றுபோனது. இவ்வளவு ஒதுங்கிய ஊரில் டில்லியைப் பற்றி அத்தனை சூடாகப் பேச ஒரு காரணம் இருந்தது. 1977, 1981, 1983 என்று மூன்று கலவரங்களை அந்த மக்கள் கண்டிருந்தார்கள். 83 ஜூலையில் நுவரெலியா நகரத்தில் தமிழ்க் கடைகள் எரிந்து நான்கு வருடந்தான் ஆகியிருந்தது. இரவில் தேயிலைக்குள் பிள்ளைகளோடு படுத்துக் கிடந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். "இந்தியாக்காரன் வந்துட்டா இனி நம்மளை எவனும் தொட மாட்டான்" என்று ஒருவர் சொன்னால், அதைப் பேராசை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அது பயத்தில் இருந்து வந்த நம்பிக்கை.

எதிர்ப்பேச்சும் இருந்தது. தொழிற்சங்கத்தில் பழகிய தலைவர்மார் சிலர், "படை வந்தா யாழ்ப்பாணத்துக்கு வரும், திருகோணமலைக்கு வரும். இந்த மலைக்கு என்னத்துக்கு வரப்போகுது? நம்ம பிரஜாவுரிமைக் கடதாசியைப் பாருங்கப்பா" என்றார்கள். அவர்களைக் கோழைகள் என்றும் அரசாங்கத்துக்கு ஆள் பிடிக்கிறவர்கள் என்றும் இளைஞர்கள் ஏசினார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த வாதத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கும்போது, ஏச்சு வாங்கிய அந்தத் தலைவர்மார் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

அதே ஆண்டு ஜூலை 29ஆந் திகதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்குக் கிழக்கு இணைப்பு, மாகாண சபைகள், ஆயுத ஒப்படைப்பு, தமிழுக்கு ஆட்சிமொழி இடம் எல்லாம் அதில் உண்டு. மலையகத்தை நேராகத் தொடும் வாசகம் எங்கே என்று தேடினால், 2.16ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவில் கிடைக்கிறது. இலங்கையில் வசிக்கும் இந்தியப் பிரஜைகளைத் திருப்பி அழைத்துக்கொள்வதை இந்திய அரசாங்கம் துரிதப்படுத்தும். தமிழ்நாட்டில் உள்ள இலங்கை அகதிகளை இங்கே அனுப்புவதும் அதோடு சேர்ந்து நடக்கும். அவ்வளவுதான். பிரட்டுக்களத்தில் நின்று இந்தியாவைக் காவல் தெய்வமாக நினைத்த மக்களைப் பற்றி அந்த ஒப்பந்தம் சொன்னது, மிச்சம் இருப்பவர்களைச் சீக்கிரம் கப்பலேற்ற வேண்டும் என்பதை மட்டுமே. கப்பலும் அப்போது ஓடவில்லை. தலைமன்னார்–இராமேஸ்வரம் சேவை 1984இலேயே போரால் நின்றிருந்தது. இந்தியக் கடவுச்சீட்டை வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு, போகவும் முடியாமல், இங்கே வோட்டும் இல்லாமல் பல குடும்பங்கள் லயத்தில் இருந்தன.

இரு நாட்டுத் தலைவர்கள் மேசையில் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்தது அது முதல் தடவையும் அல்ல. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் 9,75,000 பேரை எண்ணிக் கணக்குப் போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. 1974இல் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். எந்த மேசையிலும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு நாற்காலி போடப்படவில்லை.

நாற்காலி இல்லாமலே வென்ற கதை 1986இல் நடந்தது. அதை நம் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. அந்த வருடம் தைப்பொங்கலை ஒட்டி, சௌமியமூர்த்தி தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனைப் போராட்டத்துக்கு அழைப்பு விடுத்தது. காலையில் வேலைக்கு இறங்காமல் கோயிலில் கூடிச் சாமி கும்பிடுவது, அதுதான் போராட்டம். கல் எறியவில்லை, கத்தி எடுக்கவில்லை. கொழுந்து முற்றிக்கொண்டு இருந்தது, ஸ்டோரில் இயந்திரம் நின்றது. தேயிலை அந்நியச் செலாவணியை நம்பி வடக்கில் போர் நடத்திக்கொண்டிருந்த அரசாங்கம் அதைத் தாங்கவில்லை. சில நாள்களில் இறங்கிவந்தது. ஏறத்தாழ 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை கொடுக்க அதே ஆண்டு சட்டம் வந்தது. மேலும் பலருக்குச் சத்தியக் கடதாசி முடித்தாலே போதும் என்று 1988இல் இன்னொரு சட்டம் வந்தது. டில்லியின் ஆதரவு இதில் சிறிதும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொழும்பை அசைத்தது இந்தியப் போர்க்கப்பல் அல்ல; கொழுந்துக் கூடையைக் கீழே வைத்த பெண்கள்.

உடன்படிக்கைக்குப் பிறகு இந்தியப் படை வந்தது. வடக்கில் அது செய்தது எல்லாருக்கும் தெரிந்த கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். பூமாலையோடு வரவேற்கப்பட்ட இந்திய அமைதி காக்கும் படை 1987 ஒக்டோபர் 10ஆந் திகதி விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. பதினொரு நாளில், தீபாவளி அன்று, யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் புகுந்து நோயாளிகளையும் வைத்தியர்களையும் தாதிமாரையும் சுட்டது. 1990 மார்ச் 24ஆந் திகதி கடைசிச் சிப்பாய் கப்பலேறும்போது ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் இறந்திருந்தார்கள். இறந்த தமிழர் தொகை அதைவிடப் பல மடங்கு. சென்னைத் துறைமுகத்தில் அந்தப் படையை வரவேற்கத் தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதி போகவில்லை.

கந்தப்பளையில் இருந்தும் ராகலையில் இருந்தும் 1977க்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பாதுகாப்புத் தேடிப் போன குடும்பங்களை இந்த இடத்தில் மறக்கக்கூடாது. காடு வெட்டி, கிணறு தோண்டி, மிளகாய் போட்டு நிமிர்ந்தபோது போர் அவர்கள் மேல் வந்து விழுந்தது. இலங்கை இராணுவம், இந்திய இராணுவம், இயக்கங்கள் என்று மூன்று பக்கத்தாலும் அடி. 2009 வரை அது ஓயவில்லை. இன்றும் கந்தப்பளையில் கலியாண வீடுகளில் "வவுனியா சித்தப்பா வீட்டில யாரும் மிச்சம் இல்ல" என்ற பேச்சு வரும்.

மலையில் இருந்தவர்களுக்கும் படையால் வேறு வகையில் துன்பம் வந்தது. இந்தியப் படை நாட்டுக்குள் நின்ற காலத்தில் தென்னிலங்கையில் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ந்தது. இந்திய விஸ்தரிப்புவாதம் என்பது அந்தக் கட்சி அறுபதுகளின் கடைசியில் இருந்தே தன் உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று. தோட்டத் தமிழரை அந்த விஸ்தரிப்பின் கருவியாக அந்த வகுப்பு காட்டியது. 1988, 89இல் இந்தியப் பொருள்களை விற்கக்கூடாது என்று சுவரொட்டி ஒட்டினார்கள். பம்பாய் வெங்காயமும் மைசூர்ப் பருப்பும் கடைகளில் ஒளிந்துகொண்டன. கண்ணால் பார்த்திராத ஒரு படைக்காக, கந்தப்பளைத் தொழிலாளி பஜாருக்கு இறங்கப் பயந்த நாள்கள் அவை. படை வந்ததால் மலையகத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு இதுதான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் எல்லாரும் வானொலியில் டில்லியைத் தேடிக்கொண்டிருந்த அதே 1987இல், கொழும்புப் பாராளுமன்றம் பிரதேச சபைகள் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அதன் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் வாழும் மக்களுக்குப் பிரதேச சபை தன் நிதியில் வேலை செய்வதைத் தடுத்தது. வீதி, விளக்கு, குடிநீர், குப்பை எதுவானாலும் தோட்ட நிர்வாகம் இடம் கொடுத்தால்தான். கந்தப்பளையில் இதன் பலனைக் கண்ணால் பார்க்கலாம். பஜாரில் இருந்து புறப்படும் கிளைப்பாதை தோட்ட எல்லைவரை தாராக வந்து, எல்லைக் கல்லோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் வெள்ளைக்காரன் காலத்துக் கல்பாதை. பிரசவ வலி வந்த பெண்ணைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு எல்லைக் கல்வரை நடந்து, அங்கே இருந்து வேன் பிடித்தவர்கள் உண்டு. பிரஜாவுரிமை கிடைத்தது, வோட்டுக் கிடைத்தது, பிரதேச சபைக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்தோம். அந்த உறுப்பினர் தன்னைத் தெரிவுசெய்த லயத்துக்கு ஒரு மின்விளக்குப் போடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இந்தப் பிரிவைத் திருத்த 2018 வரை ஆனது. முப்பத்தொரு வருடம்.

அந்த முப்பத்தொரு வருடத்தில் எத்தனை மேடையில் இதைப் பேசினோம்? இந்தியப் படை பற்றி நடந்த விவாதத்தில் நூறில் ஒரு பங்காவது 33ஆம் பிரிவு பற்றி நடந்திருந்தால், அந்தச் சட்டம் தொண்ணூறுகளிலேயே செத்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்றைய கந்தப்பளைக்கு வருவோம். சலூனில் யாரும் உரக்க வாசிப்பதில்லை. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்ணின் இடுப்பிலும் போன் இருக்கிறது. நுவரெலியா பஸ்ஸில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்கள் காஸா, உக்ரைன், ஈரான் என்று பேசுகிறார்கள். அமெரிக்கா குண்டு போட்டது சரியா, ரஷ்யா நுழைந்தது பிழையா, இந்தியா திரும்ப இலங்கைக்குள் வருமா, ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில், நமக்கு நீதி கிடைக்குமா என்றெல்லாம் வாதம் நடக்கிறது. அதை வீண் பேச்சு என்று நான் ஒதுக்க மாட்டேன். ஈராக், ரஷ்யா, ஈரான் எல்லாம் நம் தேயிலையை நிறைய வாங்குகிற நாடுகள்; அங்கே போர் வந்தாலோ தடை வந்தாலோ கொழும்பு ஏலத்தில் விலை ஆடும். ஈரானுக்கு எண்ணெய்க் கடனாகக் கொடுக்கவேண்டிய 251 மில்லியன் டொலரைத் தேயிலையாகக் கொடுக்க 2021இல் ஒப்பந்தமே போட்டார்கள். எத்தனையோ லயங்களில் தாய்மார் குவைத்திலும் டுபாயிலும் வீட்டு வேலை செய்கிறார்கள். வளைகுடாவில் குண்டு விழுந்தால் இங்கே பிள்ளைகள் இரவு முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். வெளிநாட்டுப் போர் நமக்கு வெளி விஷயம் அல்லதான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த அந்நியப் படையும் கந்தப்பளைக்குச் செய்யாத சேதத்தை 2021 மே மாதம் உள்நாட்டு வர்த்தமானி ஒன்று செய்தது. இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் தடைசெய்தார்கள். லீக்ஸ் மஞ்சளாகிப் படுத்தது, கரட் விரல் அளவில் நின்றது, உருளைக்கிழங்குப் பாத்தி கருகியது. தேயிலையில் கொழுந்து சிறுத்து, கிலோ குறைந்து, அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், விழுந்தது. நவம்பரில் தடையை எடுத்தபோது ஒரு போகம் போய்விட்டது, கடன் மட்டும் நின்றது. அடுத்த ஆண்டு நாடே வங்குரோத்து. முடிவெடுத்தது கொழும்பில் ஓர் அறைக்குள், அனுபவித்தது மலை.

காலம் இன்னொன்றையும் மாற்றியிருக்கிறது. இந்திய விஸ்தரிப்பு என்று வகுப்பெடுத்த ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் ஜனாதிபதி ஆனார். முதல் வெளிநாட்டுப் பயணம் டில்லிக்கு. 2025 ஏப்ரல் 5ஆந் திகதி நரேந்திர மோடி கொழும்பில் இருந்தபோது, இந்தியாவோடு பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கை கையெழுத்தானது. 1987இல் இதே செயலுக்கு நாடு பற்றி எரிந்தது. இம்முறை கந்தப்பளை பஜாரில் ஒரு கடைக் கதவுகூட மூடவில்லை. அதே கட்சி தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்திக்கு நுவரெலியா மாவட்டமும் 2024 நவம்பர் தேர்தலில் வோட்டுப் போட்டது. தோட்டத்துப் பெண்களான நுவரெலியாவின் கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையின் அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் போனார்கள். இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். எங்களை ஐந்தாம் படை என்று சொன்ன வகுப்பு முடிந்துவிட்டது என்றால், அது சாதாரண விஷயம் அல்ல.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலை மலையாகச் சரிந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நுவரெலியாவுக்குப் போகும் பாதைகள் அறுந்தன. அப்போது திரும்பவும் இந்தியப் படை வந்தது, இம்முறை கொழும்பு அழைத்து. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற விக்ராந்த் கப்பலின் ஹெலிகொப்டர்கள் பறந்தன. கொத்மலையில் சிக்கியவர்களை இந்திய விமானப்படை தூக்கி வந்தது. பாகிஸ்தானும் அமெரிக்காவும்கூட உதவிக்கு வந்தன. உயிர் போகிற நேரத்தில் எந்த நாட்டுச் சிப்பாய் கைகொடுத்தாலும் அது புண்ணியம். அதில் வாதத்துக்கே இடமில்லை. ஆனால் ஹெலிகொப்டர் திரும்பிப் போன பிறகு தொடங்கிய கேள்விக்கு எந்த நாட்டிடமும் பதில் கிடையாது. மண்சரிவு அபாயம், லயத்தை விட்டு எழும்புங்கள் என்று அதிகாரி சொல்கிறார். எழும்பி எங்கே போவது? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குக் காணி உறுதி இல்லை. உறுதி இல்லாதவர், வீடு போய்விட்டது, இழப்பீடு தாருங்கள் என்று கேட்கும்போது, அது உன் வீடு என்பதற்கு என்ன சாட்சி என்ற கேள்வி வருகிறது. நான்கு தலைமுறை அங்கே பிறந்து செத்திருக்கிறது. கடதாசியில் சாட்சி இல்லை.

உறுதி இல்லாததன் வலி புயலில் மட்டும் அல்ல. லயத்துக்குத் தனி முகவரி இல்லை; தபால்காரர் கதவைத் தட்ட மாட்டார். கடிதம் தோட்ட ஒபீசுக்குப் போகும், அங்கே கட்டுக்குள் கிடக்கும். நேர்முகப் பரீட்சைத் திகதி முடிந்த பிறகு கடிதம் கையில் கிடைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். வங்கியில் கடன் கேட்டால் காணி காட்டச் சொல்வார்கள். ஒரு பெண்ணின் சம்பளச் சீட்டைப் பாருங்கள்: 2026 ஜனவரியில் இருந்து நாள் சம்பளம் 1,550, அரசாங்கம் கொடுக்கும் வருகைக் கொடுப்பனவு 200, ஆக 1,750 ரூபாய். அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், கோயில் கணக்கு எல்லாம் அறவிட்ட பிறகு கையில் வருவதை வைத்து அவள் வாடகைக்குக்கூட வெளியில் வீடு எடுக்க முடியாது. இந்த 1,750க்கும் எத்தனை வருடப் போராட்டம்! 1,000 ரூபாய் கேட்டுத் தொடங்கியது 2021இல்தான் கிடைத்தது.

இந்தியாவின் உதவியால் வந்த வீடுகளை நன்றியோடு சொல்ல வேண்டும். 2017 மே மாதம் மோடி நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடு என்று அறிவித்தார்; டிக்கோயாவில் வைத்தியசாலை திறந்தார். 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் 2,000க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரம் கொடுத்தார்கள். 1987இல் படை அனுப்பியதைவிட இது ஆயிரம் மடங்கு நல்ல வேலை. ஆனால் கல்லும் சீமெந்தும் டில்லி கொடுக்கலாம். காணியைக் கொழும்புதான் கொடுக்க வேண்டும். அந்தக் காணி அரசாங்கத்தின் காணி. 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்து, பிறகு 2045 வரை குத்தகைக்கு விட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி ஒதுக்குவதற்கும் கம்பனியின் சம்மதத்தைத் தேடி ஆண்டுகள் ஓடுகின்றன. அதே தோட்டங்களில் ஹோட்டல் கட்டக் காணி கிடைக்கிறது. கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலை ஸ்டோர் 1996இல் ஹோட்டலாக மாறியதை உலகமே வந்து பார்க்கிறது. லயம் அப்படியே இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் டொரொன்டோவிலும் இருந்து இதை வாசிப்பவர்களிடமும், கந்தப்பளையில் போனில் போர்ச் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கச்சிமாரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உலகத்தைப் பற்றிப் பேசுங்கள், ஜெனீவாவைப் பற்றிப் பேசுங்கள். அதற்கு முன் நம் பிரதேச சபை இந்த வருடம் எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கியது என்று கேளுங்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 1987 உடன்படிக்கையால் வந்த மாகாண சபை, மத்திய மாகாணத்தில் 2018இல் காலம் முடிந்து தேர்தல் இல்லாமல் கிடக்கிறது. தேர்தல் வந்தால் வோட்டுக் கேட்டு எல்லாக் கட்சியும் கந்தப்பளைக்கு ஏறி வரும். வருகிறவரிடம் இந்தியாவைப் பற்றியும் சீனாவைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்க வேண்டாம். எங்கள் லயத்துக் காணிக்கு உறுதி எந்த மாதம், எந்தத் திகதி என்று கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.